தாராளமா போடுங்க

சன்னலோரத்துச் சீட்டை எனக்குக் குடுத்தர்றயா கண்ணு? காத்துக்காகக் கேக்கல. பின்னால ஒருத்தரு வண்டியில வர்றாரு, அவரை அப்பப்ப எட்டிப் பாத்துக்கோணும். நல்லா இருப்பே சாமி. இந்தப் பையை மட்டும் சித்தெ நேரம் மடியில வெச்சுக்க, பழந்தான் இருக்குது.

யாரா? எங்கூட்டுக்காரருதான். அதோ பாரு, அந்த லாரிக்குப் பின்னால, வெள்ளைச் சட்டை, சிவப்பு ஹெல்மெட்டு. தெரியுதா? நாச்சிமுத்துன்னு பேரு. நான் தெய்வாத்தா. வெள்ளகோயில்ல அவரோட அக்கா புதுசா ஊடு கட்டிப் பால் காய்ச்சறாங்க. அதுக்குத்தான் போறோம். ஒரே ஊட்டுல இருந்து ஒரே விசேசத்துக்கு, அவரு வண்டியில, நான் பஸ்ஸுல. சண்டையான்னு கேக்கறே பாரு! கண்டக்டரும் இதையேதான் கேட்டான். சண்டையெல்லாம் இல்ல கண்ணு. வண்டிக்கு எஞ்சின் வேலை பாத்து எடுத்தாந்திருக்குது. ஆயிரம் கிலோமீட்டரு ஓடற வரைக்கும் நாப்பதுக்கு மேல முறுக்கக் கூடாது, பின்னால ஆளு ஏத்தக் கூடாது. "ஒரு ஆளு ஏறுனா ஒண்ணும் ஆகாது, வா புள்ள"ன்னுதான் அவரு கூப்பிட்டாரு. நான் ஏறுவனா? புதுப் பிஸ்டனு போயி சிக்கிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது? அவரு பேச்சைக் கேட்டா அன்னைக்கே மூணு பேரை ஏத்திக்கிட்டுப் பழனிக்குப் போயிருப்பாரு.

எனக்கு அந்த வண்டி மேல பாசமெல்லாம் கெடையாது கண்ணு, அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். நீ பாட்டுக்கு வேற மாதிரி நெனைச்சுக்காத. தொடைக்கறது, பாக்கறது எல்லாம் ஒரு சுத்தத்துக்கு. பழைய சேலை கெடந்துச்சு, காலையில எந்திரிச்சதும் ஒரு தடவை தொடைக்கறேன், அவ்வளவுதான். ஆயிலு மட்டம் பாக்கறது அவருக்கு மறந்து போயிருது, அதனால அதையும் நானே பாத்துப்போடறேன்.

அந்த வண்டி என்னைப் படுத்துன பாடு இருக்குதே! எங்க கல்யாணத்துக்கு முந்தியே வாங்குனது. எனக்கு முன்னால அந்த ஊட்டுக்கு வந்தவ அவ. போன வருசத்துல இருந்து அவளுக்கு ஒடம்பு செரியில்ல. காலையில உதைச்சா எந்திரிக்க மாட்டா. அவரு உதைக்க, மூச்சு வாங்க, மறுபடி உதைக்க, நான் சோத்துப் போசியைக் கையில வெச்சுட்டு நிக்க, தெருவே வேடிக்கை பாக்கும். எந்திரிச்சாலும் நீலமா ஒரு புகை வரும் பாரு, கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்கன்னு எதுத்த ஊட்டுல கதவைச் சாத்துவாங்க. பெட்ரோலு குடிக்கற அளவுக்கு ஆயிலும் குடிச்சா. சத்தம்? களத்துல இருந்து கெளம்பிப் பிள்ளையார் கோயில் திருப்பத்துல வர்றப்பவே எனக்குக் கேட்டுரும். அதைக் கேட்டுட்டுத்தான் தோசைக்கல்லை அடுப்புல வெப்பேன். அவரு தேங்காக் களத்துல மேஸ்திரி, நேரங்காலம் கெடையாது, ஆனா தோசை ஒரு நாளும் ஆறுனதில்ல.

"இந்தத் தகரத்தை எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க"ன்னு சொல்லிச் சொல்லி என்ற வாயே வலிச்சுப் போச்சு. அவரு கேப்பாரா? "எஞ்சின்ல தேஞ்சது ஒரு எடந்தான் புள்ள. மத்ததெல்லாம் இரும்பு. இப்ப வர்ற வண்டியெல்லாம் பிளாஸ்டிக்கு, தட்டுனா டப்பா மாதிரி கேக்குது"ம்பாரு. கடைவீதியில நிக்கற புது வண்டி ஒவ்வொண்ணையும் வெரல்ல தட்டித் தட்டிக் காட்டுவாரு. ஒருக்கா வண்டிக்காரனே வந்து மொறைச்சான். "அப்ப வேற எஞ்சினையாவது வாங்கி மாட்டுங்க"ன்னா, "அடிபட்டு வந்த வண்டியில கழட்டுனது, அது எங்கெங்க போயி என்னென்ன பட்டுச்சோ, நமக்கு எப்படித் தெரியும்?"ம்பாரு. பொண்ணு பாக்கப் போனப்பக் கூட என்னைப் பத்தி இத்தனை விசாரிக்கல கண்ணு.

இதுல ஒரு நாளு எனக்குத் தெரியாம பட்டறையில உட்டு எஞ்சின் ஹெட்டைக் கழட்டி என்னமோ வேலை பாத்துட்டு வந்தாரு. அதுலயும் புகை நிக்கல. கண்டுபுடிச்சுட்டேன். பேச்சை நிறுத்திட்டேன். சோறு போடுவேன், பேச மாட்டேன். அவருக்கு நான் பேசலைன்னா சோறு எறங்காது, அது ஒரு பலவீனம். கடைசியில, "இனி வண்டி விசயத்துல உன்னைக் கேக்காம ஒரு நட்டைக் கூடத் தொட மாட்டேன், இது சத்தியம்"ன்னாரு. அந்தச் சத்தியம்தான் எல்லா வெனைக்கும் காரணம்.

இதுக்கு நடுவுல எனக்கு இன்னொரு ஏக்கம் இருந்துச்சு. தண்ணி. எங்கூரு கருக்கம்பாளையம், காங்கயத்துக்குப் பக்கம், உனக்குத் தெரியுமா? பஞ்சாயத்துத் தண்ணி வாரத்துக்கு ஒருக்கா வந்தாப் பெரிசு. பக்கத்தூட்டுச் சிவகாமியக்கா போன மாசிக்குப் போர் போட்டாங்க, தண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சு. அன்னையில இருந்து அந்தக்கா நடக்கற நடையே வேற. எங்கூட்டுக்குப் பின்னாலயும் ஒரு போர் போடலாமுங்கன்னு நான் கெஞ்சிட்டே இருந்தேன். ரெண்டுல ஒண்ணுதான் இந்த வருசம் முடியும். வண்டியா, தண்ணியா? கேட்டா அவரு மோட்டுவளையைப் பாத்துப் படுத்துக்குவாரு.

அப்படி இருக்கறப்ப ஒரு நாள் காலையில, போசியைத் தூக்கிட்டுப் பொறப்படறவரு, வாசல்ல நின்னு திரும்பிப் பாக்காமயே, "இன்னைக்கு அந்தப் போர் விசயத்தை முடிவு பண்ணீருவோம். உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லியிருக்கேன். உன்ற இஷ்டம்"ன்னுட்டுப் போறாரு. வண்டி ரெண்டு நாளா பட்டறையில நிக்குது, அவரு மினி பஸ்ஸுல போயிட்டிருந்தாரு. எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல கண்ணு. போர்ன்னா என்ற மண்டையில தண்ணிதான் ஓடுது. சாமி கண்ணைத் தொறந்துட்டாருன்னு நெனைச்சுட்டேன்.

ராகி அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தேன். மில்லுச் சத்தம் உனக்குத் தெரியுமே, பக்கத்துல இருக்கறவங்க தும்முனாக் கூடக் கேக்காது. அப்பத்தான் போன் வந்துச்சு. "அக்கா, நான்…"ன்னு யாரோ பேரு சொன்னான், கேக்கல. "அண்ணன் உங்களைக் கேட்டுட்டுத்தான் கையை வெக்கோணும்ன்னுட்டாருங்க. போர் போட்டரலாமுங்களா?"

'போர்'ங்கறது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு கண்ணு. அது போதாதா?

"போட்டா நல்லா வருமா தம்பி?"ன்னேன்.

"அருமையா வருமுங்க்கா. லிட்டருக்கு அம்பதுக்குக் கொறையாது."

லிட்டரு, அம்பது. இது ரெண்டும் காதுல விழுந்துச்சு. நிமிசத்துக்கு அம்பது லிட்டரா! எனக்கு ஒடம்பெல்லாம் குளுந்து போச்சு. இருந்தாலும் பாத்துக் கேக்கோணுமல்ல? எங்க பெரியப்பா காட்டுல போட்டப்ப, மெசினு ஓட ஓட வெறும் புகைதான் கெளம்புச்சு, சொட்டுத் தண்ணி இல்ல. அந்தப் பயம் எனக்கு. "தம்பி, புகை வந்துராதே?"ன்னு கேட்டேன்.

"என்னக்கா இப்படிக் கேட்டுப்போட்டீங்க! போர் போட்டதுக்கப்பறம் புகைங்கற பேச்சே கெடையாதுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

எப்பேர்ப்பட்ட தைரியம் பாரு அந்தப் பையனுக்குன்னு நெனைச்சுக்கிட்டேன். "வேற எங்காச்சும் எடம் மாத்திப் பாக்கோணுமா?"ன்னேன். "எதையும் மாத்த வேண்டியதில்லீங்க்கா, இருக்கறதே கெட்டியா இருக்குது. நீங்க செரின்னா இப்பவே ஆரம்பிச்சு, சாயந்தரம் உங்கூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தீருவோம்"ங்கறான். போர் லாரிக்கு ஊர்ல மாசக்கணக்குல காத்துக் கெடக்கறாங்க, எனக்கு அன்னைக்கே வருதாமா!

"தாராளமா போடுங்க தம்பி! நல்லா ஆழமா போடுங்க!"ன்னு கத்துனேன். மில்லுக்காரரே மெசினை நிறுத்திட்டு என்னன்னு கேட்டாரு. அந்தப் பக்கம் அவன், "ஆழமாவா… செரிங்க்கா, போட்டரலாம்"ன்னு வெச்சுட்டான்.

அது ஆரு தெரியுமா? மெக்கானிக்கு கதிர்வேலு. போர்ங்கறது என்ன தெரியுமா? எஞ்சினுக்குள்ள பிஸ்டனு போயிப் போயி வர்ற ஓட்டையைக் கடைஞ்சு எடுத்துச் செரி பண்றதுக்கும் போர்ன்னுதான் பேராமா. எனக்கு என்ன கண்ணு தெரியும்? தண்ணிக்கும் அதே பேரு, எஞ்சினுக்கும் அதே பேரு வெச்சவனைக் கூப்பிட்டுக் கேக்கோணும்!

சிரி, சிரி. இனிமேலதான் இருக்குது.

மாவைத் தூக்கிட்டு ஓட்டமா ஊட்டுக்கு வந்தேன். சிவகாமியக்காகிட்டச் சொன்னேன். எங்கூட்டுலயும் போருங்கக்கா, இன்னைக்கே லாரி வருதுங்கக்கான்னு. பின்பக்கத்து வேலிப் படலை நானே பிரிச்சுத் தள்ளுனேன், லாரி உள்ள வரோணுமே. கோழிக் கூண்டை நகத்துனேன். உள்ளங்கையில தேங்காய வெச்சு நீரோட்டம் பாக்கற பெரியவரு ஒருத்தரு இருக்காரு, அவரை ஆளு உட்டுக் கூட்டியாந்தேன். அவரு அங்கயும் இங்கயும் நடந்தாரு, தேங்கா ஒரு எடத்துல எந்திரிச்சு நின்னுச்சு. மஞ்சத் தண்ணி தெளிச்சு, கற்பூரம், எலுமிச்சம்பழம், பொரி கடலை எல்லாம் தட்டத்துல வெச்சுட்டு, தெருப் பொம்பளைக பூராவும் வந்து நிக்கறாங்க. எல்லாரும் லாரி வர்ற தெசையையே பாக்கறோம்.

லாரி வரல. சந்துக்குள்ள வண்டியில எங்கூட்டுக்காரரு வர்றாரு. சத்தமே இல்லாம வர்றாரு கண்ணு! பக்கத்துல வந்து நின்னப்பறந்தான் பாத்தேன். மடியில மல்லிகப் பூவு, கையில ஒரு மைசூர்பாகு டப்பா. எறங்குனவரு தட்டத்தைப் பாத்தாரு. கற்பூரத்தைப் பாத்தாரு. தேங்காயை வெச்சுட்டு நிக்கற பெரியவரைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"வண்டிக்குப் பூசை போடறதுக்கா புள்ள இத்தனை ஏற்பாடு பண்ணியிருக்கே?"ங்கறாரு.

நான் தட்டத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பாத்தேன்.

"கதிர்வேலு சொன்னான் புள்ள. நீ ஒரு நிமிசங்கூட யோசிக்கலையாமா. தாராளமா போடுங்க, நல்லாப் போடுங்கன்னு சொன்னயாமா. நான் பயந்துக்கிட்டுக் களத்துல போயி ஒளிஞ்சிருந்தேன், நீ எடைக்குப் போடச் சொல்லீருவயோன்னு"ன்னு சொல்லிட்டு, அத்தனை பொம்பளைக முன்னாலயும் அந்த மனுசன் கண்ணு கலங்கி நிக்கறாரு. அந்தப் போர்ல அன்னைக்கு வந்த தண்ணி அது ஒண்ணுதான்.

சிவகாமியக்கா "ஏனுங்க தம்பி, போருன்னா தண்ணி…"ன்னு ஆரம்பிச்சாங்க. இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளுனேன் பாரு, இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல. பெரியவரு கையில இருந்த தேங்காயைப் புடுங்கி வண்டி முன்னால ஒடைச்சேன். எலுமிச்சம்பழத்தை ரெண்டு சக்கரத்துக்கும் அடியில வெச்சேன். "ஆமாங்க, வண்டிக்குத்தான்"ன்னுட்டேன். வேலி ஏன் பிரிஞ்சு கெடக்குதுன்னு கேட்டாரு. காத்து வரட்டும்ன்னு சொன்னேன். அதையும் நம்பிட்டாரு.

என்ன, பஸ்ஸு நின்னுருச்சு? ரோட்டு வேலையா? அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் உட்டப்பறந்தான் நம்மளை உடுவாங்க போல. டிரைவரு எஞ்சினையே அமத்திட்டாரு பாரு. இரு, பின்னால பாத்துக்கறேன்… லாரி மறைக்குது. அங்கதான் நிப்பாரு. அவரு வண்டியும் சூடு ஆறட்டும், நல்லதுதான்.

கிட்ட வா கண்ணு, மெதுவாச் சொல்றேன். மெதுவான்னாலும் என்ற தொண்டை இப்படித்தான், ஆண்டவன் அப்படிக் குடுத்துட்டான். அவருக்கு இன்னைக்கு வரைக்கும் விசயம் தெரியாது. தெரியவும் கூடாது. நீயும் எங்கயாச்சும் பாத்தாச் சொல்லிப்போடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்.

ஏன்னு கேக்கறயா? நீயே சொல்லு, அந்த மூஞ்சியைப் பாத்தப்பறம் எப்படிச் சொல்றது? அவங்கூட்டுல அஞ்சு பசங்க, இவரு நடுவுல. சின்ன வயசுல இருந்து இவரு பேச்சு எங்கயும் எடுபட்டதில்ல. சொத்துப் பிரிச்சப்பவும் எது வேணும்ன்னு இவரை ஒருத்தரும் கேக்கல, குடுத்ததை வாங்கிட்டு வந்துட்டாரு. களத்துலயும் மொதலாளி சொல்றதுதான். இவரு ஆசைப்பட்டு, இவரே போயிப் பாத்து, இவரே புடிச்சு வாங்குனது இந்த வண்டி ஒண்ணுதான் கண்ணு. அதையும் நான் தகரம் தகரம்ன்னு திட்டிட்டே இருந்திருக்கேன். அன்னைக்கு அவரு நெனைச்சுக்கிட்டாரு, என்ற பொண்டாட்டிக்குக் கடைசியில புரிஞ்சு போச்சுன்னு. அன்னைக்கு ராத்திரி மூணு தோசை கூடச் சாப்பிட்டாரு. காலையில பாட்டுப் பாடிட்டே குளிச்சாரு. அவருக்குப் பாட்டு வரும்ன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நான் போயி, ஏனுங்க நான் சொன்னது தண்ணிக்குன்னு சொன்னா அந்த மனுசன் ஒடிஞ்சு போக மாட்டாரா? நான் கொடம் தூக்கறேன் போ. இத்தனை வருசம் தூக்கலையா?

என்ன கண்ணு கண்ணைக் காட்டறே? தூசி விழுந்துருச்சா? ஊதட்டுமா? அதுக்கு ஏன் சிரிக்கறே? சன்னலா? சன்னலுக்கு என்ன…

அய்யய்யோ.

ஏனுங்க! நீங்க எப்ப வந்து இங்க நின்னீங்க? வண்டிச் சத்தமே கேக்கலையே எனக்கு! என்னது? கேட்டயா கண்ணு, "சத்தம் எப்படிப் புள்ள கேக்கும், அதான் போர் போட்டாச்சே"ங்கறாரு. எந்தெடத்துல இருந்துங்க கேட்டீங்க? பஸ்ஸு நின்னதுல இருந்தா? போச்சு. எல்லாம் போச்சு. நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு? ஆமா, நீ கண்ணைக் காட்டிட்டேதான் இருந்தே, நாந்தான் கூறு கெட்டவ.

ஏனுங்க, அப்படி நிக்காதீங்க. அந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்க மொதல்ல. சிரிக்கறீங்களா, அழுகறீங்களா, ஒண்ணுமே தெரியல. கழட்டுங்கறேன்.

சிரிக்கறாரு கண்ணு! ரெண்டுமாத்தான் இருக்குது, ஆனா சிரிக்கறாரு.

என்ன? சத்தமா கேளுங்க. அட, பஸ்ஸே நம்மளைத்தான் பாக்குது, இனி என்ன கூச்சம்? கதிர்வேலு அன்னைக்குத் தெளிவாக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னா? மறைக்கறதுக்கு இனி என்ன இருக்குது? எடைக்குப் போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். ஆமாங்க. அது நெசந்தான். மொகத்தைத் தொங்கப் போடாதீங்க, முழுசாக் கேளுங்க.

கண்டக்டரு தம்பி, ரோட்டை உட்டுட்டாங்கன்னா உடட்டும், ஒரு நிமிசம் விசில் ஊதாத. எங்கூட்டுக்காரரு ஒரு கேள்வி கேட்டிருக்காரு, பதில் சொல்லிப்போட்டு வர்றேன்.

இப்பக் கேளுங்க என்னை. இங்க மில்லுச் சத்தமும் இல்ல, பஸ்ஸும் நிக்குது, நல்லாக் காது கேக்குது. கேளுங்கறேன். என்ன? "போர் போட்டரலாமா புள்ள"யா? வண்டிக்குத்தான கேக்கறீங்க? வண்டிக்குத்தான்.

போடுங்க. தாராளமா போடுங்க. இது மறுக்காத் தேஞ்சாலும், மறுக்காப் போடுங்க.

அப்படியே தண்ணிக்கும் ஒண்ணு போடுங்க.